இடது கால் மட்டும் வீங்குகிறதா?

எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் தாயார், மகளின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திட வந்தார். கூலிம் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் உதிரிப்பழம் பொறுக்குபவர். வகுப்பறைப் படியேறும்போது இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். பார்த்தேன், வலது கால் எப்போதும்போல் இருக்க, இடது கால் மட்டும் வீங்கி மினுமினுத்தது.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். நின்னு நின்னு வேலை செய்யிற காலு. தைலம் போட்டு நல்லா உருவி விட்டா சரியாப் போயிடும். கிளினிக்குன்னு போனா ஒரு நாள் சம்பளம் போயிடுமே!"

தாய்மார்களே, உழைத்த களைப்பென்றால் இரண்டு கால்களும் அல்லவா வீங்க வேண்டும்? ஒரு கால் மட்டும் வீங்கினால் காரணம் வேறாக இருக்கலாம்.

காலுக்கு வந்த இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போகும் குழாய்க்குச் சிரை என்று பெயர். இடது காலின் சிரை இடுப்புக்குள் செல்லுமிடத்தில், வலது காலுக்குப் போகும் தமனி அதன் மேல் குறுக்கே கிடக்கிறது. கீழே முதுகெலும்பு. இரண்டுக்கும் நடுவில் சிரை நசுங்குகிறது. தண்ணீர்க் குழாயைக் காலால் மிதித்தால் என்ன ஆகும்? அதே கதைதான். தேங்கிய இரத்தம் சிலருக்குக் கட்டியாக உறைந்தும் விடுகிறது.

1957இல் ஆஸ்திரியா நாட்டு மருத்துவர்கள் மே, தர்னர் இருவரும் 430 சடலங்களைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 22 உடல்களில் அந்தச் சிரைக்குள் தழும்பு கண்டிருந்தது. இந்நோய்க்கு இன்றும் அவர்கள் பெயர்தான். ஆயினும் அஞ்ச வேண்டாம். சிரை நசுங்கியிருக்கும் பலருக்கு ஆயுள் முழுதும் தொல்லையே வருவதில்லை. தொல்லை வருபவர்களில் பெண்களே அதிகம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் கவனம் தேவை.

வீங்கிய காலை மட்டும் உருவி விடாதீர்கள்! உள்ளே இரத்தக்கட்டி இருந்தால், அது பிய்த்துக்கொண்டு நுரையீரலை அடைத்து உயிரையே வாங்கிவிடும். திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 999ஐ அழையுங்கள்.

சிகிச்சைக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. தொடையிலோ முழங்காலின் பின்புறத்திலோ உள்ள சிரையில் ஊசியால் சிறு துளை போடுவார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய கம்பியைச் செலுத்தி, குறுகிய இடத்தைப் பலூனால் விரித்து, அங்கே 'ஸ்டென்ட்' என்னும் உலோக வலைக்குழாயை வைப்பார்கள். இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட் சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். இதுவோ 14 முதல் 18 மில்லிமீட்டர், கைவிரல் பருமன். பிறகு இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிட வேண்டும். அதை இடையில் நிறுத்தினால் வலைக்குழாயே அடைத்துக்கொள்ளும். எல்லாருக்கும் ஸ்டென்ட் தேவைப்படாது. அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

அந்தத் தாயாரை அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்து கடிதத்துடன் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் கட்டி தெரிந்தது, மருந்து தொடங்கினார்கள். சில வாரங்களுக்குப் பின் ஸ்டென்டும் வைத்தார்கள். இன்று இறுக்கமான காலுறை அணிந்து நடமாடுகிறார். மாத்திரையை மறக்காதிருக்க நினைவூட்டுபவள் அவர் மகள்.

ஒரு நாள் சம்பளம் மறுமாதம் வரும். தாய் போனால் வருவாளா?