நெத்தலியின் கட்சி

மீன் கடையில் வாள்மீன் துண்டைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையைவிட அகலம், முள் கிடையாது, விலையும் கூட. பக்கத்தில் குவிந்து கிடக்கும் நெத்தலியோ சுண்டுவிரல் நீளந்தான். எது உடம்புக்கு நல்லது? மலையகத்துத் தெல்தோட்டையில் பலரும் துண்டு மீனைத்தான் காட்டுவார்கள். நான் நெத்தலியின் கட்சி.

நிலக்கரிப் புகையிலிருந்தும் தங்கச் சுரங்கங்களிலிருந்தும் பாதரசம் கடலுக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. மிதவை உயிர்கள் அதை எடுத்துக்கொள்ளும். அவற்றை நெத்தலி தின்னும், நெத்தலியைச் சூரை தின்னும், சூரையை வாள்மீன் தின்னும். உள்ளே போன பாதரசம் சதையோடு ஒட்டிக்கொண்டு இலேசில் வெளியேறாது. ஓரிரு வருடமே வாழும் நெத்தலிக்கு அதைச் சேர்த்துவைக்க நேரமில்லை. வாள்மீனோ பல வருடம் வேட்டையாடிச் சேர்த்துக்கொண்டே போகும். இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் பிடித்த வாள்மீன்களை நாரா என்ற நீரியல் வள ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். சிலவற்றில், கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று ஐரோப்பா வைத்திருந்த எல்லையைப் பாதரசம் தாண்டியிருந்தது. கழுவினாலும் பொரித்தாலும் அது போகாது.

இந்தப் பாதரசம் மனிதரை என்ன செய்யும்? ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அந்தக் கடலின் மீனைத் தின்றவர்களின் நோய் 1956இல் வெளியே தெரிந்தது. தாய்மார் சுகமாகத் தெரிந்தார்கள், அவர்கள் வயிற்றிலிருந்த பிள்ளைகள் மூளைப் பாதிப்போடு பிறந்தார்கள். நம் கடையில் விற்கும் மீனில் அவ்வளவு நஞ்சு இல்லை. ஆனாலும் கர்ப்பிணித் தாய்மாரும் சின்னப் பிள்ளைகளும் வாள்மீன், சுறா, தலபத் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்ப்பது நல்லது.

அதற்காக மீனையே விட்டுவிடலாமா? கூடவே கூடாது! 2010இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர்கள் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகள் மீன் தின்றால் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு உதவும், தின்னாமல் விட்டால் அந்த நன்மை குறையும் என்றார்கள். காரணம் மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு.

நெத்தலியில் அதுவும் உண்டு, பி12 உயிர்ச்சத்தும் உண்டு. முள்ளோடு மென்று தின்பதால் கல்சியமும் கிடைக்கும். லயத்து வீட்டில் ரொட்டிக்கு நெத்தலிச் சம்பல் வைத்தால் அதை இல்லாதவர் சாப்பாடு என்று யாரும் கூசத் தேவையில்லை. கருவாடானால் உப்பு மிகுதி. கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அலசிவிட்டுச் சமையுங்கள்.