ஜன்னத்துல் அரீஃப்: வாய்க்காலைச் சுற்றி எழுந்த அரசத் தோட்டம்

அந்தலுஸைப் பற்றிய நம்மவர் பேச்சு பெரும்பாலும் அல்ஹம்ரா மாளிகையோடு நின்றுவிடுகின்றது. அம்மாளிகைக்குக் கிழக்கே, ஒரு சிறு பள்ளத்தாக்கைத் தாண்டி எழும் குன்றின் சரிவில் கிரனாடாவின் பனூ நஸ்ர் மன்னர்கள் அமைத்த தோட்டமொன்று உள்ளது. ஸ்பானியர் அதனை ஹெனராலிஃபே என்பர். இரண்டாம் முஹம்மது (ஆட்சி 1273–1302) காலத்தில் அது தொடங்கப்பட்டதென்பது ஆய்வாளர் கருத்து. 1319இல் முதலாம் இஸ்மாயீல் அதனைப் புதுப்பித்த செய்தியை, கவிஞர் இப்னுல் ஜய்யாப் இயற்றி அங்குச் சுவரில் பொறிக்கப்பட்ட பாடல் தெரிவிக்கின்றது.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஜன்னத்துல் அரீஃப் என்பதே அதன் அரபு மூலம். இதனை 'ஆரிஃப்' என வாசித்து, 'மெய்ஞ்ஞானியின் சுவனம்' என உரை சொல்வோர் உளர். கேட்க இனிமையான விளக்கந்தான். ஆனால் ஸ்பானிய உச்சரிப்பில் அழுத்தம் 'லி' என்னும் அசையில் விழுகின்றது. நெடிலான 'ரீ' இருந்த இடம் அது. ஆகவே 'அரீஃப்' என்பதே பொருந்தும். தொழில் வல்லோரின் தலைவருக்கு வழங்கிய சொல் அது. தலைமைக் கொத்தனாரைக் குறிக்கும் 'அலரிஃபே' என்னும் ஸ்பானியச் சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. அந்த அரீஃப் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 'ஜன்னத்' என்பதும் அந்தலுஸ் மக்களின் அன்றாட வழக்கில் பழமரங்களும் காய்கறிகளும் விளையும் தோப்பையே குறித்தது. சொல்லைக் கண்டவுடன் மறுமைக்குத் தாவிவிடும் அவசரம் எழுதுவோரான நமக்கு அடிக்கடி நேர்வது.

இத்தோட்டத்தின் உயிர் அதன் நீரில் உள்ளது. நஸ்ர் அரசை நிறுவிய முதலாம் முஹம்மது, தர்ரோ ஆற்றை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் மேலே மறித்து, மலைச்சரிவை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டினார். 'அஸ்ஸாக்கியா' என்னும் அரபுச் சொல்லே 'அஸேக்கியா' என ஸ்பானியத்தில் நிலைத்தது. தோட்டத்தின் நடுமுற்றத்தில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்திற்கு ஓடும் ஒடுங்கிய நீர்நிலையை அலங்காரக் குளமென்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது அந்த வாய்க்காலேதான். அல்ஹம்ராவின் மாளிகைகளுக்கும் குளியலகங்களுக்கும் மக்கள் குடியிருப்புக்கும் செல்லவேண்டிய நீர் முதலில் மன்னரின் முற்றத்தைக் கடந்து சென்றது. வாய்க்காலை விட உயரமான சரிவுகளுக்கு, விலங்குகளைப் பூட்டிச் சுழற்றும் நீர்ச்சக்கரத்தால் நீரை மேலேற்றித் தொட்டியில் தேக்கினர்.

இன்று அம்முற்றத்தில் இருபுறமிருந்தும் வளைந்து பாயும் நீர்த்தாரைகளையே பயணியர் படம் பிடிக்கின்றனர். அவை பிற்காலச் சேர்க்கை. நஸ்ர் மன்னர் அவற்றைக் கண்டதில்லை. 1958இல் நேர்ந்த தீவிபத்தை அடுத்து நடந்த அகழாய்வு பழைய அமைப்பை வெளிக்கொணர்ந்தது. குறுக்குப் பாதையால் முற்றம் நான்காகப் பகுக்கப்பட்டிருந்தது. பாத்திகள் நடைபாதையை விடத் தாழ்ந்திருந்தன. வாய்க்காலின் கரையிலிருந்த துளைகள் வழியே அவற்றுக்கு நீர் பாய்ந்தது. பாதையில் நடப்பவருக்குப் பூக்கள் காலடியில் விரித்த கம்பளமாய்த் தோன்றியிருக்கும். மேற்குச் சுவரில் இன்று காணும் திறந்த வளைவுகளும் அன்று இல்லை. நடுவில் மட்டும் ஒரு சிறு பார்வை மாடம் இருந்தது. தரையில் அமர்ந்தவர் கண்ணுக்கு ஏற்பத் தாழ்வாக அமைந்த சாளரம் அதனுடையது.

நாற்பகுப்பு என்றதும் திருமறையின் 47ஆம் அத்தியாயம் கூறும் நான்கு ஆறுகள் நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் இஸ்லாத்திற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே பாரசீகத்தின் பசர்காடேயில் சைரஸ் மன்னர் இத்தகைய தோட்டம் அமைத்திருந்தார். மக்கள் பழகிய வடிவத்தை முஸ்லிம்கள் ஏற்றுப் பொருளேற்றினர் என்பதே நமக்குச் சரியெனப்படுகின்றது.

தோட்டக்கலையை அவர்கள் எவ்வளவு நுணுக்கமாக எண்ணினர் என்பதற்கு அல்மெரியாவைச் சேர்ந்த இப்னு லுயூன் (1282–1349) சான்று. வேளாண்மை பற்றிச் செய்யுளில் நூலியற்றிய அவர் வீட்டைத் தோட்டத்தின் மேட்டில் அமைக்கச் சொல்கிறார். அங்கிருந்து காட்சியும் கிடைக்கும், காவலும் எளிதாகும். நீர்த்தொட்டியை ஒட்டி என்றும் பசுமையான செடிகள், அதனை அடுத்துப் பூச்செடிகள், ஓரங்களில் திராட்சைக் கொடிகள் என அடுக்குகிறார். அகலத்தை விட நீளம் மிகுந்திருக்கட்டும் என்றும் அறிவுறுத்துகிறார். ஜன்னத்துல் அரீஃபின் முற்றத்தை நோக்குவோருக்கு அவர் சொல்வதன் காரணம் விளங்கும்.

1526இல் அங்குச் சென்ற வெனிஸ் தூதர் அந்திரேயா நவகேரோ, ஒரு படிக்கட்டை வியந்து எழுதினார். அதன் இரு கைப்பிடிச் சுவர்களின் மேலும் குடைந்த ஓடைகளில் நீர் ஓடுகின்றது. ஏறுவோர் கையை அந்நீரில் நனைத்தவாறே ஏறலாம். படிகளின் உச்சியில் தொழுமிடம் ஒன்று இருந்ததென்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அது உண்மையானால் வுளூவுக்கு இதைவிட அழகிய வழி உண்டோ!

1492 ஜனவரியில் கிரனாடா கைமாறியது. பின்னர் இத்தோட்டத்தின் காவல் கிரனாடா வெனேகாஸ் குடும்பத்திடம் சென்றது. நஸ்ர் அரச மரபில் தோன்றிக் கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பம் அது! மன்னரின் வழித்தோன்றல்கள் வேறு பெயரில், வேறு சமயத்தில் முன்னோரின் தோட்டத்தைக் காத்துவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய நெடிய வழக்கிற்குப் பின் 1921இல் அது ஸ்பானிய அரசின் உடைமையாயிற்று. 1984இல் அல்ஹம்ராவோடு சேர்த்து உலக மரபுச்சின்னப் பட்டியலில் இடம்பெற்றது.

மாளிகைக்குக் கீழே, மண் சுவர்களால் தாங்கப்பட்ட படிவரிசைகளில் பழைய விளைநிலங்கள் உள்ளன. மன்னரின் சமையலறைக்குக் காய்கறி தந்த அந்நிலங்களில் உழவு இன்றும் நடைபெறுகின்றது.