தீர்ப்பாணைக்குப் பின் தொடங்கும் வழக்கு

புரோநோட்டுக் கடன், கைமாற்று, கடைப் பாக்கி போன்ற சிறு தொகைகளுக்காகத் தொடுக்கப்படும் உரிமையியல் வழக்கு தீர்ப்போடு முடிந்துவிடுவதில்லை. தீர்ப்பின் முடிவை முறைப்படி வரைந்து நீதிமன்றம் தரும் தீர்ப்பாணை, அதாவது வழக்காடுவோர் பேச்சில் ‘டிகிரி’, எதிராளி பணம் கட்டாதவரை வெறும் உரிமைச் சான்றாகவே நிற்கிறது. இந்தியாவில் வழக்காடுபவரின் இடர்ப்பாடுகள் தீர்ப்பாணை பெற்ற பிறகே தொடங்குகின்றன என்று லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1872-இலேயே குறிப்பிட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டை முடித்துவைத்த உச்ச நீதிமன்றம், 2025-இல் எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டபோது, நிறைவேற்றக் கோரும் மனுக்கள் நாடெங்கும் 8.8 லட்சத்துக்கும் மேல் தேங்கியிருப்பது தெரியவந்தது.

அந்த மனுவே நிறைவேற்று மனு; வக்கீல் அலுவலகங்களில் ‘ஈ.பி.’ என்றால்தான் புரியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளையின்படி, வென்றவராகிய தீர்ப்பாணைதாரர் இதைத் தாமே தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் தானாக முன்வந்து வசூலில் இறங்காது. பணத் தீர்ப்பாணைக்குக் காலவரம்பு 12 ஆண்டுகள். ஆனால் 2 ஆண்டுகள் கடந்தபின் மனுச் செய்தால், தோற்றவராகிய தீர்ப்புக் கடனாளிக்கு முதலில் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். சிறுவழக்கு நீதிமன்றங்களுக்கு மேலும் ஒரு தடை உண்டு: நிலத்தையோ வீட்டையோ ஏலம்விட ஆணையிடும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை என்பதால், கடனாளியிடம் அசையாச் சொத்து மட்டுமே இருக்குமானால், தீர்ப்பாணையை வேறொரு நீதிமன்றத்துக்கு மாற்றிய பிறகே வேலை நகரும்.

எந்தச் சொத்தைப் பிடிப்பது என்பதே இதன் உண்மையான சிக்கல். கடனாளியின் சொத்து எங்கே, எவ்வளவு என்று தேடிச் சொல்லும் பொறுப்பும் தீர்ப்பாணைதாரர் தலையிலேயே விழுகிறது. இதற்குச் சட்டம் தரும் கருவி அதே 21-ஆம் கட்டளையின் 41-ஆம் விதி. தம் சொத்து விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யுமாறு கடனாளிக்கு ஆணையிடவும், மீறினால் அவரை 3 மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் அது இடமளிக்கிறது. ஈ.பி. போடும்போதே கேட்டுப் பெற வேண்டிய ஆணை இது.

சொத்து தெரிந்தால் அடுத்தது பற்றுகை, பேச்சுவழக்கில் ஜப்தி. அசையும் பொருளை நீதிமன்ற ஊழியரான அமீனா நேரில் சென்று கைப்பற்றுவார். ஆனால் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் குடியிருப்புக்குள் நுழையக் கூடாது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, உழவரின் மாடும் விதைநெல்லும், சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகள் ஆகியவற்றை 60-ஆம் பிரிவு விலக்கிவைக்கிறது. கூலித் தொழிலாளியின் கூலி முழுவதும் விலக்கு. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடப்படாது. கணக்கில் வரும் சம்பளம் 25,000 என்றால் மாதம் 8,000 ரூபாய் வரை பிடிக்கலாம், அதுவும் ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதங்கள் மட்டுமே. வங்கிக் கணக்கில் உள்ள தொகையையும், கடனாளிக்குப் பிறர் தர வேண்டிய பாக்கியையும் அந்த மூன்றாமவரிடமிருந்தே நேரடியாக வரவழைக்க முடியும். ஆக, சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் வெளிப்படையாக உள்ளவரிடமிருந்து எளிதில் வசூலாகிறது. சொத்தைப் பிறர் பெயரில் வைத்திருப்பவரே இந்த முறையில் மிகவும் பாதுகாப்பாக இருக்கிறார்.

நிலம் ஏலத்துக்கு வந்தால், ஏலம் எடுத்தவர் அப்போதே கால் பங்கையும் 15 நாள்களுக்குள் மீதியையும் செலுத்த வேண்டும். ஏல அறிவிப்பில் கண்ட பாக்கியோடு ஏலத் தொகையில் 5 விழுக்காட்டையும் 60 நாள்களுக்குள் கட்டினால், கடனாளி அந்த ஏலத்தையே நீக்கிவிடலாம்.

கைது பலரும் நினைப்பது போல எளிதன்று. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. 1980-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, வறுமையால் கட்ட இயலாதவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது, வசதி இருந்தும் தீய எண்ணத்தோடு மறுப்பவரை மட்டுமே அனுப்பலாம் என்று நிலைநாட்டியது. தொகை 2,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் சிறையே கிடையாது. 5,000 வரை 6 வாரம், அதற்கு மேல் 3 மாதம் என்பதே உச்ச அளவு. இன்றைய விலைவாசியில் இந்த வரம்புகள் சிறு கடனாளிக்குத் தரும் காப்பு மிகச் சொற்பம். சிறையிலிருப்பவரின் உணவுப்படியைத் தீர்ப்பாணைதாரரே கட்ட வேண்டும் என்பதோடு, சிறைவாசத்தால் கடன் தீர்ந்துவிடுவதும் இல்லை.

2021-இல் உச்ச நீதிமன்றம் நிறைவேற்று மனுக்களை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. முன்னே சொன்ன தேக்கம் அதற்குப் பிந்தைய நிலை. இழுபறியில் சலித்துப்போய் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே கணக்குத் தீர்த்துக்கொள்வதும் உண்டு. அவ்வாறு கொடுத்த பணத்தைத் தீர்ப்பாணைதாரர் நீதிமன்றத்தில் பதிவு செய்யாவிட்டால், கடனாளியே 30 நாள்களுக்குள் மனுச் செய்து, எழுத்துச் சான்றோடு பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவாகாத தொகையை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்பதால், அதே கடனுக்காக அமீனா மறுபடியும் வரக்கூடும்.