உஷார்! காது வலிக்கிறது, காதில் ஒன்றுமில்லையா? தொண்டையைப் பாருங்கள்!

ஒரு பக்கக் காது வலிக்கிறது. டாக்டர் கருவியை வைத்து உள்ளே பார்க்கிறார். செவிப்பறை சுத்தமாக இருக்கிறது. சீழ் இல்லை, அழுக்குகூட இல்லை. “காது நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க” என்று வலி மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், இந்தச் சொல்லைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். காதில் கோளாறு இல்லை, ஆனாலும் வலி போகவில்லை என்றால் அது வேறெங்கிருந்தோ வருகிறது. அந்த இடம் டான்சிலாக இருக்கலாம், அடிநாக்காக இருக்கலாம். அங்கே ஓசைப்படாமல் வளரும் புற்று, சிலரிடம் முதன்முதலில் காது வலியாகத்தான் தலைகாட்டுகிறது.

இதற்குக் காரணம் ஒரு நரம்பு. மூளையிலிருந்து நேரே கிளம்பும் 12 ஜோடி கபால நரம்புகளில் ஒன்பதாவது. தமிழில் நாத்தொண்டை நரம்பு. டாக்டர்கள் குளோசோபாரிஞ்சியல் என்பார்கள். முகுளத்தில் புறப்பட்டு, மண்டையோட்டின் அடியில் உள்ள ஒரு துளை வழியாக, பத்தாவது, பதினொன்றாவது நரம்புகளோடும் பெரிய ரத்தக்குழாயோடும் நெருக்கியடித்துக்கொண்டு கழுத்துக்குள் இறங்குகிறது. நாக்கின் பின்பக்க மூன்றில் ஒரு பங்குக்கு உணர்ச்சி, சுவை இரண்டுமே இதன் வழியாகத்தான். கஷாயத்தை விழுங்கிய பிறகும் அடிநாக்கில் நிற்கிறதே ஒரு கசப்பு, அதை மூளைக்குச் சொல்வது இதுதான். டான்சிலிலும் தொண்டையின் பின்சுவரிலும் ஏற்படும் வலி, டாக்டர் நாக்கை அழுத்தும்போது வரும் குமட்டல், காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் சுரப்பி உமிழ்நீர் சுரப்பது என்று பல காரியங்களில் இதற்குப் பங்கு உண்டு. தசை என்று பார்த்தால், விழுங்கும்போது தொண்டையைத் தூக்கிக் கொடுக்கும் ஒரே ஒரு மெல்லிய தசையைத்தான் இது இயக்குகிறது.

நம்மைத் திசைதிருப்புவது இதன் ஒரு சின்னக் கிளை. மண்டையோட்டை விட்டு வெளியே வந்த கையோடு அந்தக் கிளை பிரிந்து, மறுபடி எலும்புக்குள் நுழைந்து நடுக்காதுக்குப் போய்விடுகிறது. டென்மார்க் உடற்கூறியலாளர் லுட்விக் யாக்கப்சன் பெயரால் அதை யாக்கப்சன் நரம்பு என்கிறார்கள். ஒரு வீட்டில் முன்வாசல், பின்வாசல் இரண்டுக்கும் ஒரே காலிங் பெல்லை வைத்தால், உள்ளே இருப்பவருக்கு யார் எந்த வாசலில் நிற்கிறார் என்று எப்படித் தெரியும்? மூளையின் கதியும் அதுதான். அடிநாக்கில் புண் இருக்கும், வலி காதில் தெரியும். இன்னும் கீழே, குரல்வளையை ஒட்டிய பகுதியில் கட்டி வந்தால் பத்தாவது நரம்பான வேகஸ் இதே வேலையைச் செய்கிறது. அதற்கும் காதில் ஒரு கிளை இருக்கிறது.

டான்சில் ஆபரேஷன் முடிந்து வந்த குழந்தை, “காது வலிக்குதும்மா” என்று அழும்போது பல பெற்றோர் காதில் ஏதோ செய்துவிட்டார்கள் என்று பதறிப்போகிறார்கள். அந்த வலியும் இதே பாதையில் வருவதுதான், சில நாட்களில் அடங்கிவிடும். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

காது வலியெல்லாம் புற்று என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் நிஜமான காதுத் தொற்றுதான். பெரியவர்களுக்கும் சொத்தைப் பல், தாடை மூட்டு, சாதாரணத் தொண்டைப் புண் என்று வேறு காரணங்கள் நிறைய உண்டு. நான் பயப்படுவது ஒரே பக்கமாக, விடாமல், மூன்று வாரத்தைத் தாண்டியும் தொடர்கிற வலியைப் பார்த்து. அதோடு சாப்பாடு இறங்கும்போது ஒரு இடத்தில் குத்துகிறதா? குரல் கம்மிவிட்டதா? துப்பும்போது ரத்தம் தெரிகிறதா? காரணமில்லாமல் எடை குறைகிறதா? கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்று சேர்ந்தால்கூட மூன்று வாரம் வரை காத்திருக்கவே வேண்டாம். நெறியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வலியில்லாத நெறியை “தானாக அமுங்கிவிடும்” என்று விடுகிறோம். புற்று பரவி வரும் நெறி பெரும்பாலும் வலிக்காது.

பீடி, சிகரெட், ஹான்ஸ், குட்கா, மது, எல்லாம் இந்த ஆபத்தைக் கூட்டுபவை. புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்கு மட்டும்தானே என்று சமாதானம் சொல்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத பாக்கையும் புற்று உண்டாக்கும் பொருள் என்று தெளிவாகவே வகைப்படுத்திவிட்டது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் எச்.பி.வி. வைரஸால் டான்சிலிலும் அடிநாக்கிலும் புற்று வருகிறது. கன்னத்தில் வரும் புண்ணைக் கண்ணாடியில் பார்த்துவிடலாம், அடிநாக்கை அப்படிப் பார்க்க முடியாது. அதனால்தான் காது கொடுக்கும் தகவலை விட்டுவிடக் கூடாது என்று இவ்வளவு மன்றாடுகிறேன்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சிக் காதில் விடுகிறோம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அதுவே கெடுதல். நோய் தொண்டையில் இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. பிறகு மருந்துக்கடையில் சொட்டு மருந்து, அப்புறம் இன்னொரு சொட்டு மருந்து, நடுவில் பட்ஸ் வைத்துக் குடைவது. மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சை அல்லது கதிர்வீச்சு, ஏதாவது ஒன்றோடு முடிந்திருக்கக்கூடிய நோய், அதற்குள் இரண்டு மூன்று சிகிச்சைகள் தேவைப்படும் நிலைக்குப் போய்விடும்.

இந்த நரம்புக்கே நேரடியாக வரும் ஒரு கொடிய வலியும் உண்டு, நாத்தொண்டை நரம்புவலி. அபூர்வமானதுதான், ஆனால் வந்தவர் படும் பாடு சொல்லி மாளாது. ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால், கொட்டாவி விட்டால், இருமினால், பேசினால்கூட அடிநாக்கிலிருந்து காதுக்குள் சுரீரென்று கரண்ட் பாய்ந்த மாதிரி ஒரு குத்து. சில நொடிகளிலிருந்து இரண்டு நிமிடம் வரை நிற்கும்; போய்விட்டு மறுபடி வரும். சாப்பிடவே பயந்து மெலிந்துபோகிறார்கள். பல்லில்தான் கோளாறு என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் தியோடர் வைசன்பர்க் 1910இல் இந்த வலியை முதன்முதலாக விவரித்தபோது எழுதியதே, ஆறு வருடம் முகநரம்பு வலி என்று தவறாக முடிவு கட்டப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றித்தான். அவருக்கு உண்மையில் இருந்தது சிறுமூளையை ஒட்டி வளர்ந்த கட்டி. அதனால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். பலருக்கு, பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதுதான் காரணமாக இருக்கிறது. அதை விலக்கி வைக்கும் ஆபரேஷனில் நல்ல பலன் கிடைக்கிறது.

இதில் உயிருக்கே உலை வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. அவற்றின் தகவலை முகுளத்துக்குக் கொண்டுபோவதும் இதே ஒன்பதாவது நரம்புதான். வலி தாக்கும்போது அந்தப் பாதையும் கலங்கி, இதயத் துடிப்பு குறைந்து, சிலருக்குச் சில நொடிகள் நின்றே போகிறது. விழுங்கும்போது தொண்டையில் குத்தி, கண் இருட்டி மயங்கி விழுகிறவரைப் “பித்தம்” என்று உட்காரவைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் இ.சி.ஜி. எடுங்கள்.

மாத்திரையிலும் உஷார். இந்த வலிக்குத் தரும் கார்பமாசெபைன் அருமையான மருந்து, ஆனால் யாரோ ஒருவரின் பழைய சீட்டை வைத்து வாங்கிப் போடக் கூடாது. ஆசிய மரபினர் சிலருக்கு அது தோலையே உரித்துவிடும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது. மாத்திரை தொடங்கிய வாரங்களில் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகும்போது, “காது வலிக்குது” என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை வாரமாக, விழுங்கும்போது கூடுகிறதா, என்னென்ன பழக்கம் இருந்தது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். காது சரியாக இருக்கிறது என்று சொன்னால், “அப்போ தொண்டைக்குள்ள ஸ்கோப் விட்டுப் பார்த்துடுங்க டாக்டர், கழுத்தையும் தொட்டுப் பாருங்க” என்று தயங்காமல் கேளுங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்க்கும் அந்தப் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும், மயக்க மருந்தும் தேவையில்லை. அடிநாக்கைக் கையுறை போட்ட விரலால் தடவிப் பார்ப்பதும் அவசியம். கண்ணுக்குத் தப்பும் கட்டி விரலுக்குத் தட்டுப்படும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டில் யாராவது இரண்டு மாதமாகக் காதில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால், நாளைக் காலையில் அவரை அங்கே அழைத்துப் போங்கள்.