வரிமேல் வரி: வெளிநாட்டுக் கீபோர்டு இங்கே ஏன் விலை அதிகம்?

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் கீபோர்டு வாங்கியாக வேண்டிய உடும்பஞ்சோலை வட்டாரத் தேவாலயப் பாடகர் குழுவினர் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொல்லும் விலைக்கும் நெடுங்கண்டத்துக் கடைக்காரர் சொல்லும் விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

விடை துறைமுகத்தில் இருக்கிறது. கருவியின் விலை 20,000 ரூபாய், கப்பல் கூலியும் காப்பீடும் 2,000 என்று வைத்துக்கொள்வோம். சுங்கத்துறை 20,000க்கு வரி போடாது, 22,000க்குப் போடும். அதாவது கப்பல் கூலிக்கும் வரி உண்டு. அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம், 2,200. அந்த வரியின் மேல் 10 சதவீதம் 'சமூக நல கூடுதல் வரி', 220. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்த 24,420க்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 4,396. பெட்டி கடைக்கு வருமுன்பே 28,816 ஆகிவிடுகிறது.

இதில் ஜிஎஸ்டியை வியாபாரி தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சுங்கவரியையும் கூடுதல் வரியையும் கழிக்க முடியாது. அந்த 2,420 ரூபாய் அடக்க விலையிலேயே ஒட்டிக்கொண்டு, கடையில் விற்கும்போது மறுபடி 18 சதவீதம் வாங்கி, லாபம் எதுவும் சேராமலே 2,856 ஆகிறது. வாங்குபவரின் பில்லில் இது தனி வரியாகத் தெரியாது. என்னை உறுத்துவது இதுதான்.

கல்வி, சுகாதாரம், சமூகப் பாதுகாப்புக்கு என்று சொல்லி 2018இல் கொண்டுவந்த கூடுதல் வரி இது. பெயரில் நலம் இருக்கிறது. ஆனால் கூடுதல் வரிகள் மாநிலங்களுடன் பங்கிடப்படுவதில்லை. பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் பெரும்பாலும் நடத்தும் கேரளத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ அந்த 220இல் பங்கு கிடையாது.

போடிமெட்டு இறங்கித் தேனியில் வாங்கினால் குறையுமா? வரி குறையாது, 2017 ஜூலை முதல் இரு மாநிலங்களிலும் ஒரே விகிதம்தான்.

அமெரிக்காவில் மட்டும் ஏன் அவ்வளவு மலிவு? அங்கே ஒட்டியிருக்கும் விலையில் மாநில விற்பனை வரி சேராது. ஜெர்மனியில் 19 சதவீத வரியும் சேர்ந்தே இருக்கும்.

வீணை, மிருதங்கம், செண்டை? கையால் செய்த உள்நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. அவற்றுக்கு யாராவது 18 சதவீதம் போட்டு பில் நீட்டினால், காரணம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.