தலைக்குத் துணி, முகத்துக்குத் திரையில்லை

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போகிற தமிழர்கள் செருப்பைக் கழற்றி ஒப்படைக்கத் தயங்குவதில்லை. வாசலில் கால் நனைத்துப் போகும் நீர்த்தடமும் அவர்களுக்கு உறுத்துவதில்லை. தலையில் துணி கட்டச் சொல்லும்போதுதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. நம் ஊரில் சாமி முன்னால் போகும்போது தலைப்பாகையை அவிழ்ப்பதும் தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டுவதும்தான் மரியாதை. திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையையே கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். பஞ்சாபில் கணக்கு வேறு. அங்கே பெரியவர்கள் முன்னால் வெறுந்தலையோடு நிற்பதுதான் அவமரியாதை. அப்படியானால் குருவின் முன்னால் எப்படி நிற்பது?

சீக்கியர்களின் வழிபாட்டு இடமான குருத்வாராவுக்குள் நுழைகிறவர் ஆணோ பெண்ணோ, சீக்கியரோ வேறு மதத்தவரோ, கடவுள் நம்பிக்கையே இல்லாதவரோ, தலையை மூடியிருக்க வேண்டும். வழிபாட்டுக் கூடத்தைத் தாண்டி, எல்லோரும் வரிசையாகத் தரையில் அமர்ந்து சாப்பிடும் லங்கரிலும் அதே விதிதான். பொற்கோயிலில் குளத்தைச் சுற்றியுள்ள சலவைக்கல் பாதையில் நடக்கும்போதும், ஓரமாக உட்கார்ந்து கோபுர நிழலை நீரில் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் துணி தலையில் இருந்தாக வேண்டும். நழுவிவிட்டால் கையில் ஈட்டியோடு சுற்றிவரும் சேவாதார் வந்து நினைவூட்டுவார். சேவாதார் என்றால் அங்கே தொண்டு செய்பவர்.

இந்த விதிக்கு வேர் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப். ஐந்தாவது குருவான அர்ஜன் தேவ் தொகுத்த ஆதி கிரந்தம் 1604-ல் ஹர்மந்திர் சாகிப் என்னும் பொற்கோயிலில் வைக்கப்பட்டது. 1708-ல் நாந்தேடில், தனக்குப் பின் மனித குரு யாரும் இல்லை, கிரந்தமே குரு என்று பத்தாவது குருவான கோவிந்த் சிங் அறிவித்தார். 1430 பக்கங்கள் கொண்ட அந்தக் கிரந்தம் அன்றுமுதல் சீக்கியர்களுக்கு உயிருள்ள குரு. அதற்கு மேலே விதானம் உண்டு. பக்கத்தில் ஒருவர் சாமரம் வீசுவார். ருமாலா என்ற பட்டுத் துணிகளால் அதைப் போர்த்துவார்கள். பொற்கோயிலுக்குச் சீக்கியர்கள் வழக்கமாகச் சொல்லும் பெயரே தர்பார் சாகிப். உள்ளே நடப்பதும் ஓர் அரசவை நடப்புதான். அரசர் வீற்றிருக்கும் இடத்தில் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படியே நடந்துகொள்கிறார்கள்: முதுகைக் காட்டாமல் பின்வாங்குகிறார்கள், கிரந்தத்தைவிட உயரமான இடத்தில் உட்காருவதில்லை, தலையைத் திறந்து போடுவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பொற்கோயிலில் இரவு வரை இருக்க வேண்டும். அன்றைய கீர்த்தனை முடிந்ததும் கிரந்தத்தை மூடி, வெள்ளைத் துணியிலும் ருமாலாக்களிலும் சுற்றுவார்கள். பிறகு ஒருவர் அதைத் தன் தலைமேல் ஏற்றிக்கொள்வார். தலைப்பாகைக்கு மேல் துணி விரித்து, அதன் மேல் கிரந்தம். அப்படியே பொற்பல்லக்குவரை சுமந்து வந்து இறக்குவார். நரசிங்கம் என்ற நீண்ட கொம்பு முழங்கும், பூ தூவுவார்கள், பல்லக்கைத் தோள்கொடுத்துத் தூக்க ஆண்கள் முண்டியடிப்பார்கள். பல்லக்கு எதிரே உள்ள அகால் தக்த் என்னும் கட்டடத்துக்குப் போய்ச் சேரும். விடியுமுன் அதே பல்லக்கில் கிரந்தம் திரும்பி வரும். குருவைச் சுமக்கிற உறுப்பு தலை. அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதில் சீக்கியர்கள் இவ்வளவு கறாராக இருப்பதை, அந்தக் கொஞ்ச நேர ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தலையை மூடுவது சீக்கியர்களுக்கு மட்டுமே உரிய வழக்கம் அல்ல. அஜ்மீர் தர்காவிலும் மூடுகிறார்கள், யூதர்களின் ஜெப ஆலயத்திலும் பார்சிகளின் அக்கினிக் கோயிலிலும் மூடுகிறார்கள். பஞ்சாபி இந்துக்களும் வழிபாட்டில் தலையை மூடுவது உண்டு. வடமேற்கு இந்தியாவின் பொதுவான மரியாதை அது. ஆனால் சீக்கிய வரலாறு அந்த மரியாதைக்கு வேறொரு கனத்தைக் கொடுத்திருக்கிறது.

1675-ல் ஒன்பதாவது குரு தேக் பகதூர் டெல்லியில், ஔரங்கசீப் ஆட்சியில், தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். சாந்தினி சௌக்கில் அந்த இடத்தில் இன்று சீஸ் கஞ்ச் குருத்வாரா இருக்கிறது. பாய் ஜைதா என்ற சீடர் குருவின் தலையைக் காவலர் கண்ணில் படாமல் ஆனந்த்பூருக்குக் கொண்டுபோய் ஏறத்தாழ ஒன்பது வயதான மகனிடம் சேர்த்தார். ஜைதா தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். தந்தையின் தலையைப் பெற்றுக்கொண்ட அந்தச் சிறுவன்தான் குரு கோவிந்த் சிங். 1699 வைசாகி நாளில் அதே ஆனந்த்பூரில் கூடிய கூட்டத்தின் முன் வாளை உருவிய அவர், எனக்கு ஒரு தலை வேண்டும் என்று கேட்டதாக மரபு சொல்கிறது. ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்து வந்தார்கள். அவர்களில் நீர் சுமக்கிற சாதியிலிருந்து வந்தவரும் இருந்தார், நாவிதர் சாதியிலிருந்து வந்தவரும் இருந்தார். அன்று பிறந்ததுதான் கால்சா என்னும், தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகம். வெட்டாத முடி அதன் ஐந்து அடையாளங்களில் ஒன்று. அந்த முடியைக் காப்பது தலைப்பாகை.

அந்தக் காலத்தில் தலைப்பாகை அந்தஸ்துக்கான அடையாளம். தந்தை அர்ஜன் தேவ் ஜஹாங்கீர் ஆட்சியில் கொல்லப்பட்டபின் 1606-ல் குருவான ஹர்கோவிந்த், இரண்டு வாள்களைத் தரித்து, தலைப்பாகையில் அரசர்கள் சூடும் கல்கி சூடினார். அரசருக்கும் பிரபுவுக்கும் உரிய அந்தத் தலைக்கோலம் பின்பு கால்சாவுக்குள் எல்லாச் சாதியாருக்கும் பொதுவானது. பதினெட்டாம் நூற்றாண்டில் லாகூர் ஆளுநர் ஜக்கரியா கான் சீக்கியத் தலைகளுக்கு விலை வைத்தபோதும் அவர்கள் அதை அவிழ்க்கவில்லை. ஒரு சீக்கியரின் தலைப்பாகையில் கை வைப்பது இன்றும் ஏன் தாங்க முடியாத அவமானம் என்பதற்கு இந்த வரலாறே பதில்.

தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு வாசலில் தனியாகத் துணி தேவையில்லை. சிறுவர்கள் கொண்டையை மூடி பட்கா கட்டியிருப்பார்கள். குளத்தில் முழுக்குப் போடும் ஆண்களைக் கவனித்துப் பாருங்கள். இடுப்பில் கச்சேரா என்ற அரைக்கால் உள்ளாடை மட்டும் இருக்கும், தலையில் துணி இருக்கும், தீட்சை பெற்றவராக இருந்தால் உடலைவிட்டுப் பிரியக்கூடாத கிர்பான் என்ற குறுவாளையும் அந்தத் துணியிலேயே செருகிக்கொண்டு நீரில் இறங்குவார்.

இனி பெண்கள். தலையை மூடு என்று ஒரு மதம் பெண்ணிடம் சொன்னால் இன்றைய வாசகருக்கு ஐயம் வருவது நியாயம். குருத்வாரா விதியில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது இந்த இடம்தான். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-ல் இறுதி செய்த நடத்தை விதி நூல் சீக்கிய ரஹத் மரியாதா. சங்கத் என்னும் வழிபாட்டுக் கூட்டத்தில் எந்தச் சீக்கியரும் வெறுந்தலையோடு உட்காரக் கூடாது என்று சொல்கிற அதே இடத்தில், சீக்கியப் பெண்கள் அந்தக் கூட்டத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மறைப்பது குருவின் நெறிக்கு விரோதம் என்றும் அது சொல்கிறது. தலையை மூட வேண்டியது இருபாலருக்கும் பொது. முகத்தை மறைக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மூன்றாவது குரு அமர்தாஸ் பதினாறாம் நூற்றாண்டிலேயே பர்தாவை எதிர்த்தார். கோயிந்த்வாலில் தன்னைப் பார்க்க வந்த அரச குடும்பத்துப் பெண்களிடமும் திரையை விலக்கச் சொன்னார் என்கிறது மரபு. பெண்களுக்குத் தலைப்பாகை கட்டாயமில்லை, விருப்பம் என்கிறது ரஹத் மரியாதா. பெரும்பாலானோர் துப்பட்டா அணிகிறார்கள். ஆண்களைப் போலவே தலைப்பாகை கட்டும் பெண்களும் உண்டு. அகண்ட கீர்த்தனி ஜத்தா என்ற சீக்கியப் பிரிவைச் சேர்ந்தவர்கள் கேஸ்கி என்ற சிறிய தலைப்பாகையை இருபாலருக்கும் கட்டாயமான ஐந்து அடையாளங்களில் ஒன்றாகவே கொள்கிறார்கள்.

ஏட்டில் உள்ள இந்தச் சமத்துவம் நடப்பில் முழுமையாகிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. ஹர்மந்திர் சாகிப்பின் உள்மண்டபத்தில் கீர்த்தனை பாடுவது இன்றும் ஆண்கள் வசமே இருக்கிறது. பெண்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டப்பேரவையே தீர்மானம் போட்டது. தலைத்துணியில் இருபாலரையும் ஒரே வரியில் நிறுத்திய சமயம், பாட்டிலும் நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

தொப்பி போதாதா என்பது வெளியூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. சீக்கியர்கள் தொப்பி அணியக் கூடாது என்பது அவர்களது விதி. வருகையாளர்களிடமும் பொதுவாகத் துணியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முனை நீட்டிய கிரிக்கெட் தொப்பியோடு உள்ளே போவது பொருத்தமாக இராது. இந்தத் துணி ஒருமுறை உலகச் செய்தியாகவே ஆனது. 2010 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஒபாமா இந்தியா வந்தபோது பொற்கோயிலுக்குப் போவதாக இருந்த யோசனை கைவிடப்பட்டது. தலையில் துணியோடு படம் வெளியானால், அவரை முஸ்லிம் என்று வதந்தி பரப்பிக்கொண்டிருந்தவர்களுக்குத் தீனி கிடைக்கும் என்ற அச்சமே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அதிகாரிகள் பயண ஏற்பாடுகளைக் காரணம் காட்டினார்கள். காரணம் எதுவானாலும் சீக்கியர்கள் மனம் வருந்தினார்கள். அந்த வருத்தத்துக்குப் பின்னணி இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த நான்காம் நாள், அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்பவரை அவருடைய பெட்ரோல் பங்க் வாசலிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். தலைப்பாகையும் தாடியும் அவன் கண்ணுக்குப் பகைவனின் அடையாளமாகத் தெரிந்தன. 2012 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்து ஓக் கிரீக் குருத்வாராவுக்குள் புகுந்த வெள்ளை இனவெறியன் ஒருவனின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் அன்றே இறந்தார்கள். ஒரு பெரிய நாட்டின் தலைவர் தலையில் துணியோடு நிற்கும் படம் அத்தகைய சமூகத்துக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்! கனடாவின் ஹார்ப்பர், ட்ரூடோ, பிரிட்டனின் கேமரூன் ஆகியோர் பிரதமர்களாக இருந்தபோது தலையில் துணி கட்டிக்கொண்டு பொற்கோயிலை வலம் வந்தவர்கள்தாம்.

நாம் போகும்போது செய்ய வேண்டியது அதிகமில்லை. டெல்லி பங்களா சாகிப் குருத்வாராவிலும் அமிர்தசரஸிலும் வாசலருகே பெட்டியில் காவி, நீல நிறத் துணிகள் குவிந்து கிடக்கும். இலவசமாக எடுத்துக்கொண்டு, திரும்பும்போது போட்டுவிடலாம். வெளியே தெருவில் சொற்ப விலைக்கும் விற்கிறார்கள். சதுரத் துணியை முக்கோணமாக மடித்து, அகலப் பக்கத்தை நெற்றியில் வைத்து, காதுக்கு மேலாக இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோய், தொங்கும் மூன்றாவது முனைக்கு மேல் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு தளர்ந்தால் குனிந்து வணங்கும்போது துணி கீழே விழும். சட்டைப்பையில் இருக்கும் சின்னக் கைக்குட்டை உச்சந்தலையோடு நின்றுவிடும், பின்னால் கட்ட எட்டாது. சேலை கட்டிய பெண்களுக்கு முந்தானையே போதும். பட்டுச் சேலையாக இருந்தால் வழுக்கும், ஓர் ஊசி குத்திக்கொள்ளலாம். புகையிலை, சிகரெட், மது எதுவும் கையில் இருக்கக் கூடாது.

இதற்காக அமிர்தசரஸ்வரை போக வேண்டியதுமில்லை. சென்னை தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையில் ஒரு குருத்வாரா இருக்கிறது. முதல் குருவான நானக் வந்துபோனதாகச் சீக்கியர்கள் நம்பும் ராமேஸ்வரத்திலும் ஒன்று இருக்கிறது. யாரும் உங்கள் சாதியையோ மதத்தையோ கேட்கப்போவதில்லை. அகலமான பருத்தித் துணி ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றும் இடத்திலேயே தலையில் கட்டிவிடுங்கள். லங்கரில் சாப்பிட்டு, கை கழுவி, தெருவுக்கு வந்த பிறகு அவிழ்த்தால் போதும்.