சின்சினாட்டி கிட்ஸ்: ஒரே பருவம் ஆடிய குழு, 1978–79

ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் பனித்தளத்தை மூடி, அதன்மேல் செயற்கைப் புல் விரித்து, அணிக்கு அறுவராய் நின்று கால்பந்து ஆடும் விநோதத்தை, 1974 பிப்ரவரியில் பிலடெல்பியா ஸ்பெக்ட்ரம் அரங்கில் மாஸ்கோ ராணுவ அணி ஆடியபோது 11,000க்கும் மேற்பட்ட ஜனங்கள் திரண்டு வந்து ரசித்ததே, எர்ல் ஃபோர்மனும் எட் டெப்பரும் மேஜர் இண்டோர் சாக்கர் லீக் என்ற ஸ்தாபனத்தை ஆரம்பிக்கப் பிரதான தூண்டுதலாயிற்று.

லீக்கின் ஆட்டம் பதினைந்து நிமிஷங்கள் கொண்ட நான்கு கட்டங்களாக நடந்தது; அதில் பந்து பக்கவாட்டில் எல்லை தாண்டிப் போவது அபூர்வம். ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையில் மோதித் திரும்பும் பந்தையே சாமர்த்தியசாலிகள் சக ஆட்டக்காரனுக்கு அனுப்பும் உபாயமாக்கிக்கொண்டனர். குற்றம் புரிந்தவன் இரண்டு நிமிஷம் தண்டனைக் கூண்டில் உட்கார்ந்திருக்க, அவனுடைய அணி ஓர் ஆள் குறைவோடு திண்டாடும்.

ஆறு அணிகளோடு தொடங்கிய இந்த லீக்கின் முதல் பந்தயம் 1978 டிசம்பர் 22 அன்று நியூயார்க் மாகாணத்தின் நாசோ கொலிசியத்தில் நடந்தது. கிட்ஸ் அணியின் பங்குதாரராகிய பேஸ்பால் வீரர் பீட் ரோஸ் சம்பிரதாயமாகப் பந்தை உதைத்துத் தொடங்கிவைத்தார். அந்தப் பிரசித்தி பெற்ற பாதத்தின் ஆசியும் பலிக்கவில்லை போலும், எதிரணியான நியூயார்க் ஆரோஸ் 7–2 என்று கிட்ஸை வென்றது. அப்பருவத்தோடு கிட்ஸ் கலைந்தது. முதல் நான்கு பட்டங்களையும் தொடர்ந்து கைப்பற்றிய ஆரோஸும் 1984இல் மறைந்தது. தொடக்க ஆறு அணிகளில் ஹூஸ்டன் சம்மிட் மாத்திரம், 1980இல் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்து, பிளாஸ்ட் என்ற புதுப்பெயருடன், 1992இல் லீக் கலையும்வரை ஆடிக்கொண்டிருந்தது.